நீலகிரிக் கப்பலுக்கு அணு உலை பொருந்துமா?

கேள்வி: அரவங்காட்டிலிருந்து ஓர் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர் எழுதுகிறார். "ஐயா, 2025 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரி நம் மலையின் பெயரைத் தாங்கிய கப்பல். அதன் உடலை அப்படியே எடுத்துக்கொண்டு, கேஸ் டர்பைன்களை நீக்கிவிட்டு, அரிஹந்த் நீர்மூழ்கியில் இருக்கும் அணு உலையைப் பொருத்தி, 96 செங்குத்து ஏவுகுழாய்கள், 40 நாட் (மணிக்கு 40 கடல்மைல்) வேகம், எல்லையற்ற பயண தூரம் கொண்ட ஓர் ஏவுகணைப் போர்க்கப்பலின் முதற்கட்ட வடிவமைப்பைச் செய்ய நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

பதில்:

தம்பி, உங்கள் கேள்வியில் உலை இருக்கிறது, ஏவுகணை இருக்கிறது, வேகம் இருக்கிறது. கப்பலுக்குக் கடலில் என்ன வேலை என்பது மட்டும் இல்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தக் கடல், யாருக்குத் துணை, எதிரி யார், எத்தனை நாள், எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம்: இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டால் பாதி வடிவமைப்பு முடிந்துவிடும். எழுதாமல் வரைந்தால் அழகான படம் கிடைக்கும், கப்பல் கிடைக்காது. கோத்தகிரியில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் என்னிடம் வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்கு வரும் இளம் கடற்படை அதிகாரிகளும் இதே ஆசையோடு பேசுவதுண்டு. அவர்களிடமும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பேன்.

அமெரிக்கர்கள் 1961இல் லாங் பீச் என்ற குரூசரை, அதாவது பெரிய ஏவுகணைப் போர்க்கப்பலை, படையில் சேர்த்தபோது அவர்களிடம் அந்தப் பக்கம் தெளிவாக இருந்தது. என்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கி, எண்ணெய்க்காக நிற்காமல் நாள்கணக்கில் முழுவேகத்தில் ஓடக்கூடியது. அதனோடு சளைக்காமல் ஓடும் காவல் கப்பல் வேண்டும். 1964இல் என்டர்பிரைஸ், லாங் பீச், இன்னொரு அணுசக்திக் காவல் கப்பலான பெயின்பிரிட்ஜ் மூன்றும் வழியில் எரிபொருள் நிரப்பாமல் 65 நாட்களில் 30,000 கடல்மைலுக்கு மேல் ஓடி உலகைச் சுற்றி வந்தன. சோவியத் யூனியனின் தேவை வேறு. தன் தளங்களிலிருந்து வெகு தொலைவில், பெருங்கடலின் நடுவே அமெரிக்க விமானந்தாங்கிகளைத் துரத்த வேண்டும். வழியில் எண்ணெய் கொடுக்க நட்புத் துறைமுகங்கள் குறைவு. அதற்காகப் பிறந்தவை கீரோவ் வகைக் குரூசர்கள்: 252 மீட்டர் நீளம், 24,000 டன்னுக்கு மேல் எடை, 20 கிரானிட் ஏவுகணைகள். 1980 முதல் 1998 வரை நான்கு கப்பல்கள் படையில் சேர்ந்தன.

நம் நிலைமை என்ன? நம் விமானந்தாங்கிகள் இரண்டில் விக்ராந்த் நான்கு கேஸ் டர்பைன்களில் ஓடுகிறது. விக்ரமாதித்யா எண்ணெய் எரிக்கும் கொதிகலன்களில் ஓடுகிறது. இரண்டுக்கும் எண்ணெய்க் கப்பல் கூடவே வந்தாக வேண்டும். காவலுக்குப் போகும் கப்பல் மட்டும் நிற்காமல் ஓடி என்ன செய்யப்போகிறது? இந்தக் கேள்விக்கு உங்கள் அறிக்கை பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். அரிஹந்தின் உலை 83 மெகாவாட் என்று எங்கும் படித்திருப்பீர்கள். அது வெப்பம். பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கடலில் ஓடும் அழுத்தநீர் உலையில் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே கப்பலைத் தள்ளும் சுழலியின் தண்டுக்கு வந்து சேரும். பிரான்சின் சார்ல் டி கோல் விமானந்தாங்கியை எடுத்துச் சரிபாருங்கள். 150 மெகாவாட் வெப்பம் தரும் உலைகள் இரண்டு; தண்டுகளுக்குப் போவது 61 மெகாவாட். கப்பலின் மின்சாரம் தனி. அதே விகிதத்தில் 83 மெகாவாட் உலை உங்களுக்குத் தண்டில் 17 அல்லது 18 மெகாவாட் தரும். நீலகிரியில் இப்போது இருக்கும் கேஸ் டர்பைன் ஒன்றே அதைவிட அதிகம் தருகிறது. கப்பலில் அப்படி இரண்டு இருக்கின்றன, டீசல் என்ஜின்கள் வேறு.

வேகத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை முதல் தோராயத்தில் ஒரே விதியால் பார்க்கலாம். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். அதாவது வேகத்தின் மும்மடியாக ஏறும். பெயின்பிரிட்ஜ் ஏறத்தாழ 9,000 டன் கப்பல். 60,000 குதிரைத்திறனில், அதாவது 45 மெகாவாட்டில், 30 நாட் வேகத்தைத் தொட்டது. அந்த அளவுக் கப்பலுக்கு 18 மெகாவாட் கொடுத்தால் 22 நாட் வரும். வணிகக் கொள்கலன் கப்பல்கள் பலவும் ஓடக்கூடிய வேகம் அது. 40 நாட் வேண்டுமென்றால் 107 மெகாவாட். அதுவும் தாளில்தான். அந்த வேகத்தில் அலையை எழுப்பியே சக்தி வீணாகும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். பைக்காராவின் பழைய மின்நிலையத்தின் மொத்தத் திறன் சுமார் 59 மெகாவாட். ஏறத்தாழ இரண்டு பைக்காராக்களை 149 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பெட்டிக்குள் அடைக்கச் சொல்கிறீர்கள்.

அப்படி அடைத்தாலும் 40 நாட்டால் என்ன லாபம்? பிரம்மோஸ் ஒலியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் பறக்கிறது. 30 நாட்டில் ஓடும் கப்பலைத் தாக்கும் ஏவுகணை 40 நாட்டில் ஓடுவதையும் தாக்கும். 30 போதும். உங்கள் பட்டியலில் முதலில் வெட்ட வேண்டியது இந்த 40.

உலையின் வெப்பத்தில் தண்டுக்கு வரும் பங்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். 1972இல் மும்பை மசகான் கட்டுதளத்திலிருந்து வந்த முதல் ஐ.என்.எஸ். நீலகிரி, கொதிகலனும் நீராவி டர்பைனும் கொண்ட கப்பல். அணுக்கப்பல் என்பதும் அடிப்படையில் அதுவே. அடுப்பு மட்டும் மாறுகிறது. ஆனால் இந்த அடுப்பால் நீராவியை அதிகம் சூடாக்க முடியாது. உலையைச் சுற்றும் நீர் கொதித்துவிடாமல் இருக்க அதை 150 பார் அளவு, அதாவது காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தத்தில் வைத்து, 300 டிகிரி செல்சியஸைச் சுற்றியே ஓட்டுகிறார்கள். அது இரண்டாம் சுற்றில் உண்டாக்கும் நீராவி அதைவிடச் சூடு குறைந்தது, ஈரமானது. கேஸ் டர்பைனுக்குள்ளோ ஆயிரம் டிகிரிக்கு மேல். வெப்ப இயக்கவியல் யாருக்கும் சலுகை காட்டாது. கீரோவ் கப்பலில் ரஷ்யர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். இரண்டு உலைகளோடு எண்ணெய் எரிக்கும் கொதிகலன்களையும் வைத்தார்கள். அதனால்தான் அணுக்கப்பலான அதற்குப் புகைபோக்கியும் இருக்கிறது. உலை நின்றுபோனாலும் கப்பல் வீடு திரும்பும் என்பது அதில் கிடைத்த இன்னொரு லாபம். பார்ப்பதற்கு அசிங்கமான தீர்வு. எனக்குப் பிடித்த தீர்வும் அதுதான்.

வீணாகும் வெப்பம் கடலுக்குப் போகிறது. எடுத்துக்காட்டாக, 230 மெகாவாட் வெப்பத்தை வெளியேற்ற, கடல்நீரைப் பத்து டிகிரி சூடேற்றிவிட நீங்கள் சம்மதித்தால், விநாடிக்கு ஐந்தரை கன மீட்டர் நீரை, நீராவியை மறுபடி நீராக்கும் கண்டென்சர் வழியே தள்ள வேண்டும். அதற்கான குழாய்களும் திறப்புகளும் கப்பலின் அடிவயிற்றில் இடம் கேட்கும். ஐரோப்பிய நூல்களிலிருந்து எண்களை அப்படியே எடுக்காதீர்கள். அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீருக்குப் போட்ட கண்டென்சர், ஏப்ரல், மே மாதங்களில் 30 டிகிரியைத் தொடும் அரபிக்கடலில் அதே வெற்றிடத்தைத் தராது. கண்டென்சரைப் பெரிதாக்க வேண்டும். அல்லது கோடையில் ஒரு நாட் குறைவு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எடை. நீலகிரியில் இருக்கும் வகைக் கேஸ் டர்பைனின் எடை ஐந்து டன்னுக்கும் குறைவு. உறையோடும் அடித்தளத்தோடும் சேர்த்தாலும் இருபது சொச்சம் டன். ஓய்வுபெற்ற அமெரிக்கக் குரூசர்களிலிருந்து அறுத்தெடுத்துப் புதைத்த உலை அறைகள் ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு மேல். உலைக் கலத்தைவிட அதைச் சுற்றிய கவசமே பெரும் சுமை: நீர்த்தொட்டி, ஈயம், எஃகு, பாலிஎத்திலீன். 80 மெகாவாட் உலைக்கும் 160 மெகாவாட் உலைக்கும் கவசத்தின் கனம் அதிகம் மாறுவதில்லை. எனவே சிறிய கப்பலுக்கு இது தாங்க முடியாத வரி. பெரிய கப்பல் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நிறைசுமையில் 8,000 டன்னுக்குக் கீழ் எவரும் அணுசக்தி மேற்பரப்புப் போர்க்கப்பலைக் கட்டியதில்லை. 6,670 டன் நீலகிரியின் உடல் இந்த வேலைக்கு ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய இரட்டையர் ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் லேஹி என்ற எண்ணெய்க் குரூசரை வடிவமைத்துவிட்டு, ஏறக்குறைய அதே ஏவுகணைகளோடும் ராடார்களோடும் அணு வடிவமாகப் பெயின்பிரிட்ஜைக் கட்டினார்கள். 162 மீட்டராக இருந்த நீளம் 172 மீட்டரானது, அதற்கேற்ப எடையும் கூடியது. எண்ணெய்த் தொட்டிகளும் புகைபோக்கிகளும் போன பிறகும் இந்த நிலை. இந்த இரு கப்பல்களின் பொது அமைப்புப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாலை முழுவதும் பாருங்கள். நான் இங்கே எழுதுவதைவிட அவை அதிகம் சொல்லும்.

ஓட்டும் தன்மையில் அழுத்தநீர் உலை மிக நல்ல குதிரை. டர்பைன் அதிக நீராவியை இழுத்தால் உலைக்குத் திரும்பும் நீர் சற்றுக் குளிர்ந்து வரும். குளிர்ந்த நீர் அடர்த்தியானது. நியூட்ரான்களை நன்றாக மெதுவாக்கும். அணுப்பிளவு தானாகக் கூடும். பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை யாரும் தொடாமலேயே உலை தேவையைப் பின்தொடர்கிறது. மூக்கணாங்கயிறு ஒன்றும் உண்டு. உலையை நிறுத்தினால் செனான்-135 என்ற நியூட்ரான் விழுங்கி சேரத் தொடங்கி, பத்து மணி நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். உலை மையத்தில் அதை மீறித் தொடர்வினையை நடத்தப் போதிய உபரி வினைத்திறன் இல்லையென்றால் அந்த நேரத்தில் உலை மறுபடி உயிர் பெறாது. போருக்குப் போன கப்பல் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்ல முடியாது. ஆகவே செறிவூட்டல் எவ்வளவு, அதாவது எரிபொருளில் பிளவுபடும் யுரேனியம்-235 எத்தனை விழுக்காடு என்ற கேள்வி வருகிறது. அமெரிக்கர்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டிய யுரேனியத்தைப் போட்டுப் பல பத்தாண்டுகள் ஓட்டுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் குறைந்த செறிவில் ஓட்டி, இடையில் எரிபொருள் மாற்றுகிறார்கள். சார்ல் டி கோல் 2007, 2017 ஆகிய ஆண்டுகளில் அதற்காகக் கட்டுதளம் போனது. இரண்டாவது வழியை எடுத்தால் உலைக்கு நேர் மேலே எல்லாத் தளங்களிலும் திறந்து மூடும் வழி விட வேண்டும். உலைக்கு மேலே முதன்மை ராடார் கோபுரத்தையோ ஏவுகுழாய்களையோ நிறுத்திவிடாதீர்கள். மாணவர் வரைபடங்களில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன்.

இனிதான் நான் அதிகம் சொல்ல விரும்பும் இடம். மின்நிலைய உலையை யாரும் ஏவுகணையால் அடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டுகிறார்கள். போர்க்கப்பலின் உலை, அடி விழும் என்பதை எழுதிவைத்துக்கொண்டு கட்டப்படுவது. அடி விழுந்ததும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கிப் பிளவு நின்றுவிடும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இறங்க வேண்டும் என்பதால் ஈர்ப்பை மட்டும் நம்பாமல் வில்விசையால் தள்ளுகிறார்கள். ஆனால் பிளவு நின்றால் வெப்பம் நிற்பதில்லை. 300 மெகாவாட்டில் ஓடிக்கொண்டிருந்த உலை நின்ற கணத்தில் 20 மெகாவாட் அளவுக்குச் சிதைவு வெப்பம் விடும்; பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் வருவது அது. ஒரு மணி நேரம் கழித்து நான்கு மெகாவாட்டைச் சுற்றி. ஒரு நாள் கழித்தும் ஒன்றரை மெகாவாட். இதை எடுத்துச் செல்ல ஓடும் நீர் வேண்டும். நீர் ஓட மின்சாரம் வேண்டும். அல்லது பம்ப் இல்லாமல் வெப்ப வேறுபாட்டாலேயே நீர் சுழலும்படி குழாய்களை அமைத்திருக்க வேண்டும். 2011இல் ஃபுக்குஷிமாவில் உலைகள் சரியாகவே நின்றன. நின்ற பிறகு குளிர்விக்க மின்சாரம் இல்லாமல்தான் உருகின. அங்கே சுனாமி செய்ததைக் கப்பலில் ஒரே ஏவுகணையும் அது மூட்டும் தீயும் செய்யலாம்.

2022 ஏப்ரலில் கருங்கடலில் ரஷ்யக் குரூசர் மோஸ்க்வாவுக்கு நேர்ந்ததை இந்தக் கண்ணோடு படியுங்கள். உக்ரைனின் நெப்டியூன் ஏவுகணைகள் தாக்கின, தீ பரவியது, மறுநாள் இழுத்துப் போகும் வழியில் மூழ்கியது. அது கேஸ் டர்பைன் கப்பல். அதில் இரண்டு உலைகள் இருந்திருந்தால், ஆள் எல்லாரும் இறங்கிய பிறகும் யாராவது உலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது உலை தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மூழ்கிய பிறகு மீனவர் வலை போடும் ஆழத்தில் அது கிடக்கும். உங்கள் அறிக்கையில் இதற்கு ஒரு தனி அத்தியாயம் வையுங்கள். இல்லாத அறிக்கையை நான் தேர்வாளராக இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

வரைபடத்தில் இதன் பொருள் என்ன? உலைகள் இரண்டு; நீர்க்கோட்டுக்குக் கீழே; கப்பலின் நடுப்பகுதியில்; பக்கச் சுவரிலிருந்து அகலத்தில் ஐந்தில் ஒரு பங்காவது உள்ளே தள்ளி. இரண்டும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கக் கூடாது. முன்னிருந்து பின்னாக உலை, டர்பைன், இடையில் துணை எந்திரங்கள், மறுபடி உலை, டர்பைன் என்று போங்கள். ஓரடியில் ஒன்று போனாலும் மற்றது ஒரு தண்டையாவது சுழற்றும். டீசல் ஜெனரேட்டர்களை முன்னே ஒரு கூட்டம், பின்னே ஒரு கூட்டமாகப் பிரித்து, ஒன்றையாவது நீர்க்கோட்டுக்கு மேலே வையுங்கள். வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அரவங்காட்டுக்காரரான உங்களுக்கு, வெடிமருந்து வேலை நடக்கும் கட்டடங்களுக்கு இடையே ஏன் அவ்வளவு தூரம் விடுகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. கப்பலில் அந்தத் தூரம் கிடைக்காது. ஏவுகுழாய்களுக்கும் உலைக்கும் இடையே எந்திர அறைகளையும் காலி இடைவெளிகளையும் வைத்துச் சமாளிப்பதுதான் வழி. ஏவுகுழாய்களையும் முன்னே பாதி, பின்னே பாதியாகப் பிரியுங்கள்.

கவசத்தைப் பற்றி ஒரு சிறு கதை. ஜப்பானின் அணுசக்திச் சரக்குக் கப்பல் முட்சு 1974இல் முதல் சோதனையின்போது, முழுத்திறனில் 1.4 விழுக்காட்டிலேயே கதிர்க்கசிவு காட்டியது. உலை உடையவில்லை, கவசத்தில் இருந்த இடைவெளி வழியே நியூட்ரான்கள் நழுவின. நடுக்கடலில் வேறு வழியில்லாமல், போரான் கலந்த சோற்றை அப்பி அடைக்கப் பார்த்தார்கள். மீனவர்களின் எதிர்ப்பால் கப்பல் வாரக்கணக்கில் துறைமுகம் திரும்ப முடியாமல் நின்றது. கவச வடிவமைப்பில் தடிமனைவிட மூலை முடுக்குகளும் குழாய் நுழையும் துளைகளும்தான் ஆளைக் கவிழ்க்கும். சரியாகக் கட்டிய கவசத்துக்குப் பின்னால் இருப்பவருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. விண்கதிர் என்று பார்த்தால், கடல்மட்டத்தில் இருப்பவரைவிட ஊட்டியில் குடியிருப்பவருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கிறது. அதற்காக யாரும் மலையிறங்கிப் போகவில்லை.

ஏவுகணைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரம்மோஸ் எட்டு மீட்டருக்கு மேல் நீளம், மூன்று டன் எடை. அதன் குழாய் மூன்று தளங்களைத் துளைத்துக்கொண்டு நிற்கும். வான்வழித் தாக்குதலைத் தடுக்கும் பராக்-8 நாலரை மீட்டர்தான், எடை 300 கிலோவுக்கும் குறைவு. 96 குழாய் என்று மொத்தமாகச் சொல்லாமல் எது எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். நீலகிரியில் இப்போது இருப்பது 8 பிரம்மோஸ், 32 பராக். கூட்டிக்கொண்டே போனால் மேல்சுமை ஏறி, கப்பலின் நிலைத்தன்மை குறையும். அகலத்தைக் கூட்டினால் வேகம் போகும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கடுமையான மோதலில் 96 குழாய்களும் ஒரே நாளில் காலியாகலாம். காலியான குழாயை நடுக்கடலில் நிரப்புவது இன்றும் சோதனை அளவில்தான் இருக்கிறது. அமெரிக்கர்களே 2024இல்தான் அதைச் செய்துகாட்டினார்கள். உலைக்கு இருபது ஆண்டு எரிபொருள் இருந்தும் கப்பல் துறைமுகம் திரும்பியாக வேண்டும். சோறு, ஹெலிகாப்டர் எரிபொருள், உதிரிப் பாகங்கள் இவற்றுக்கும் அப்படியே. "எல்லையற்ற பயண தூரம்" என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அணுசக்தியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. புகைபோக்கியும் காற்றிழுக்கும் வழிகளும் போனால் மேல்தளத்தின் நடுவே அருமையான இடம் கிடைக்கும். சூடான புகை இல்லாததால் அகச்சிவப்பு ஏவுகணைகளுக்குக் குறி சிறுக்கும். ஆனால் குளிர்விக்கும் பம்புகளும் கியர்பாக்ஸும் ஓயாமல் எழுப்பும் ஒலி நீர்மூழ்கி வேட்டைக்கு இடைஞ்சல். மிக வலுவான வாதம் மின்சாரம். பெரிய ராடார்களும் நாளைய லேசர் ஆயுதங்களும் பல மெகாவாட் கேட்கும். உலை அதை முகம் சுளிக்காமல் தரும். இந்த வாதத்தை நம்பியே 2008இல் அமெரிக்கச் சட்டமன்றம், இனிப் பெரிய போர்க்கப்பல்கள் அணுசக்தியில்தான் ஓட வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது. அதன்படி பிறந்திருக்க வேண்டிய அடுத்த தலைமுறைக் குரூசர் திட்டம் 2010இல் கைவிடப்பட்டது. அந்தச் சட்டப் பிரிவும் பின்னர் போய்விட்டது. கேஸ் டர்பைன்களை வைத்தே 78 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் ஜும்வால்ட் கப்பல் அந்த வாதத்தின் பாதி பலத்தைப் பிடுங்கிவிட்டது.

பணத்தைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை ஆய்வொன்று அணுசக்தியால் ஒரு போர்க்கப்பலின் விலை 60 முதல் 80 கோடி டாலர் கூடும் என்றது. நடுத்தரப் போர்க்கப்பலுக்கு அந்தக் காசு திரும்பி வர, கப்பல் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்து, எண்ணெய் பீப்பாய்க்கு 70 முதல் 225 டாலர் வரை விற்க வேண்டும் என்றும் கணக்குப் போட்டது. 1977இல் சேர்ந்த டெக்சஸ் என்ற குரூசர், எரிபொருள் மாற்றும் செலவைத் தவிர்க்க 1993இலேயே ஓய்வு பெற்றது. அமெரிக்காவின் ஒன்பது அணுசக்திக் குரூசர்களும் 1999க்குள் போய்விட்டன. ரஷ்யா தன் புதிய அணுசக்தி டெஸ்ட்ராயர் திட்டத்தை 2020இல் நிறுத்திவைத்து, கீரோவ் வகைக் கப்பலான பழைய நாகிமோவையே புதுப்பித்துக்கொண்டது. துறைமுக அரசியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நியூசிலாந்து 1987 முதல் அணுசக்தியில் ஓடும் கப்பலைத் தன் துறைமுகத்துக்குள் விடுவதில்லை.

நமக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. கல்பாக்கத்தில் தரையில் கட்டிய மாதிரி உலை 2003இல் தொடர்வினையைத் தொட்டது. அரிஹந்த் படையில் சேர்ந்தது 2016. அடுத்த கப்பல் அரிகாட் 2024. உங்கள் கப்பலுக்கு வேண்டிய அளவில் புதிய உலை என்றால் மறுபடி தரை மாதிரி, சோதனை, பயிற்சி பெற்ற ஆட்கள் என்று பத்தாண்டுக்குக் குறையாது. அந்த உலையும் ஆட்களும் கிடைத்தால் முதல் உரிமை நீர்மூழ்கிக்குத்தான். நீருக்கடியில் காற்று இல்லை. அங்கே அணுசக்திக்கு நிகரான மாற்று கிடையாது. மேற்பரப்புக் கப்பலுக்குக் காற்று இலவசம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை; வெலிங்டன் இளைஞர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வந்தாலும் சரி.

அதற்காகத் திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மாற்றி அமையுங்கள். 13,000 டன், 190 மீட்டர் நீளம், 20 மீட்டரை ஒட்டிய அகலம், 30 நாட் வேகம் என்று ஓர் உடலை வையுங்கள். ஒரே வேகத்தில் சக்தி எடையின் மூன்றில் இரண்டு மடியாக ஏறும் என்று கொண்டு பெயின்பிரிட்ஜிலிருந்து கணக்கிட்டால் 57 மெகாவாட் வரும். 60 என்று வையுங்கள். மின்சாரத்துக்கு 12. மொத்தம் 72. வெப்பம் 330 மெகாவாட்டைச் சுற்றி வரும். 165 மெகாவாட் உலைகள் இரண்டு. ஏவுகுழாய்கள் 64, ஹெலிகாப்டர்கள் இரண்டு. அதே உடலுக்கு, அதே ஆயுதங்களோடு, அட்டவணையில் பக்கத்திலேயே இன்னொரு பத்தியில் கேஸ் டர்பைன் வடிவத்தைப் போடுங்கள்.

இரண்டாவது பத்தி என்ன சொல்லும் என்று கொஞ்சம் காட்டுகிறேன். கேஸ் டர்பைன் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 230 கிராம் எண்ணெய் குடிக்கும். 60 மெகாவாட்டில் மணிக்கு 14 டன், நாளுக்கு 330 டன். தொட்டியில் 2,000 டன் இருந்தால் ஆறு நாள் முழுவேகம், அதாவது 4,300 கடல்மைல். மும்பையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகமே அந்தத் தூரத்துக்குள் வந்துவிடுகிறது. தொட்டியை வற்றவிட்டு எந்தத் தளபதியும் ஓட்ட மாட்டார் என்பதால் பாதியைக் கழித்துவிடுங்கள். அப்போதும் ஏடன் வளைகுடாவும் மலாக்கா நீரிணையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. எந்த வேலைக்கு, எந்தத் தூரத்தில், வழியில் எத்தனை முறை எண்ணெய்க் கப்பலைச் சந்திக்க முடியாத நிலையில், முதல் பத்தி இரண்டாவதை வெல்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். அந்த எல்லைக்கோட்டை ஒரு வரைபடத்தாளில் போட்டுக் காட்டினால் அதுவே திட்டத்தின் முடிவு. எடைப் பட்டியலை முதலில் முடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். உலை அறையின் எடையையும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் தனி வரிகளில் காட்டியிருக்க வேண்டும். "இதர எந்திரங்கள்" என்ற தலைப்புக்குள் ஒளித்துவைக்காதீர்கள்.